பேரு .38, அளவு வேற: ஒரு பழைய ரிவால்வரும் அதோட பித்தளைக் கூடும்

இன்னைக்குக் கதை அமெரிக்காவுல ஒரு வீட்டு மேஜைல ஆரம்பிக்குது. மேஜை மேல ஒரு ரிவால்வர். சாமுவேல் கோல்ட் ஆரம்பிச்ச கம்பெனில 1870-கள்ல வெளிவந்தது. அந்த நாட்டு ஃபெடரல் சட்டப்படி 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கி பழம்பொருள் கணக்குல சேரும். அதுக்கான தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதனால சுட்டு முடிச்ச காலிக் கூட்டுலயே மறுபடி மருந்தும் குண்டும் வெச்சு நிரப்புவாங்க. இதுக்குப் பேரு ரீலோடிங். அங்க இது ஒரு ஹாபி. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்க முடியாது. அதனால 'எப்படிச் செய்யறது'ங்கிற எபிசோடு இது இல்ல. எனக்கு ஆர்வம் வேற இடத்துல.

சுடும்போது பித்தளைக் கூடு கொஞ்சம் விரிஞ்சுடும். அதை ஒரு எஃகு அச்சுக்குள்ள அழுத்தி பழைய அளவுக்குக் கொண்டு வரணும். அந்த அச்சைத்தான் டைன்னு சொல்றாங்க. நம்ம மேஜைக்காரர் .38-னு போட்ட டை வாங்குறார், .38-னு போட்ட குண்டு வாங்குறார். எல்லாம் சரியாத்தானே இருக்கணும்? இல்ல. குண்டு குறிக்குப் போகாம எங்கயோ போகுது. நாலஞ்சு தடவை நிரப்பின கூடுகள்ல வாய்ப்பக்கம் கீறல் விழுது. கை தப்பா, கருவி தப்பான்னு மண்டையைப் பிச்சுக்குவார். பெரும்பாலும் ரெண்டும் இல்ல. அந்த '.38'-ங்கிற பேருதான் வில்லங்கம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். கோல்ட் கம்பெனியோட 1851 நேவி ரிவால்வர்ல தோட்டாவே கிடையாது. சிலிண்டரோட முன்பக்க ஓட்டைல மருந்தைக் கொட்டி, மேல ஈய உருண்டையை வெச்சு அழுத்தணும். பின்பக்கம் மூடியிருக்கும். சிலிண்டரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துளைச்சு, பின்னாலிருந்து தோட்டா போடுற அமைப்புக்கு ரோலின் ஒயிட்ங்கிறவர் 1855-லயே பேட்டன்ட் வாங்கிட்டார். அந்த உரிமை ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி கைக்குப் போச்சு. 1857-ல அவங்க ரிவால்வர் வந்துடுச்சு. அமெரிக்க உள்நாட்டுப் போர் முழுக்க கோல்ட் பழைய முறையிலேயே ஓட்ட வேண்டியதாச்சு. ஒயிட்டுக்காவது லாபமான்னு கேட்டா, அதுவும் பெருசா இல்ல. ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் வாங்கிக்கிட்டு, பேட்டன்ட்டை மீறுறவங்க மேல கேஸ் நடத்துற செலவை அவரே ஏத்துக்கிட்டார். அதுலயே பணம் கரைஞ்சுது. பேட்டன்ட்டை நீட்டிக்க வழி பண்ணி காங்கிரஸ் அனுப்பின மசோதாவை, 1870 ஜனவரில ஜனாதிபதி கிராண்ட் வீட்டோ பண்ணிட்டார்.

1869-ல பேட்டன்ட் முடிஞ்சதும் கோல்ட் கம்பெனி ஒரு சிக்கனமான வேலை பார்த்துச்சு. கைவசம் இருந்த பழைய மாடல் துப்பாக்கிகளையே தோட்டா போடுற மாதிரி மாத்துச்சு. நேவியோட குழல் உள்ளே சுமார் 0.375 அங்குலம். குண்டும் அதே தடிமன் இருக்கணும். சிலிண்டர் ஓட்டையோ ஒரே நேர்த் துளை. அப்போ குண்டும் கூடும் வெளியிலிருந்து பார்த்தா ஒரே தடிமனா இருந்தாத்தான் சரிப்படும். அதனால குண்டோட அடிப்பகுதியை மட்டும் ஒல்லியா வார்த்து, கூட்டுக்குள்ள செருகுனாங்க. பேனா மூடியும் பேனாவும் ஒரே அகலத்துல நிக்குமே, அப்படி. இந்தத் தடிமனிலிருந்து வந்த பேருதான் .38.

இந்த மாதிரி குண்டுல ஒரு தொல்லை. அது மேல பூசுற மசகு, கூட்டுக்கு வெளிய இருக்கும். பாக்கெட்ல போட்டா தூசி ஒட்டும். அதனால அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள குண்டை முழுசா ஒல்லியாக்கி, மசகோட கூட்டுக்குள்ளயே இறக்கிட்டாங்க. குண்டு 0.357 அங்குலம் பக்கம் வந்துடுச்சு. பேரை மட்டும் யாரும் மாத்தல. அதுக்கப்புறம் வந்த .38 ஸ்பெஷலும் அந்த அளவுதான். 1935-ல வந்த .357 மேக்னம்தான் நிஜ அளவைப் பேருல போட்டுச்சு.

வித்தியாசம் அரை மில்லிமீட்டர் கூட இல்ல. ஆனா 0.375 குழல்ல 0.357 குண்டு குழலோட உள்வரிகளைப் பிடிக்காமலேயே வெளிய போயிடும். பழைய மாதிரி தடிமன் குண்டு போட்டாலோ, கூட்டோட வாயை இறுக்க இன்றைய சாதாரண டை உதவாது. அது மேலிருந்து கீழ அழுத்துற டை, குண்டு வழியை மறிக்கும். பக்கவாட்டுல கவ்வுற தனி டை வேணும். இதைவிட ஆபத்தான தப்பு ஒண்ணு இருக்கு. பேரு ஒண்ணுதானேன்னு, கரும்பொடி காலத்து இரும்புல இன்றைய புகையில்லா மருந்தை நிரப்புறது. சிலிண்டர் வெடிச்சு விரல் போகும்.

சரி, கீறல்? தோட்டாக்கூட்டுப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது அது விரிஞ்சு அறையோட சுவரை அடைச்சு, வாயு பின்னால வராம தடுக்குது. அடுத்த நொடி லேசா சுருங்குது, அதனாலதான் வெளிய எடுக்க முடியுது. அருமையான குணம். ஆனா பழைய துப்பாக்கில அறை தாராளமா இருந்தா, ஒவ்வொரு தடவையும் கூடு நிறைய விரியும். டை அதை முழுசா அமுக்கும். விரி, அமுக்கு, விரி, அமுக்கு. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சா விறைக்குமே, அதேதான். விறைச்ச பித்தளை டைல இருந்து வெளிய வந்ததும் ஸ்பிரிங் மாதிரி மறுபடி பெருசாகும். டை மேல சந்தேகம் வர்றது இந்த இடத்துலதான். கடைசில வாய் பிளக்கும். வாய்ப்பக்கத்தை மட்டும் சூடு காட்டி இளக்கறதுதான் வைத்தியம். அடிப்பக்கத்தை இளக்கினா கூடு அழுத்தம் தாங்காது. ஏற்கெனவே கீறல் விழுந்த கூட்டுக்குக் குப்பைத்தொட்டிதான்.

பித்தளைக்குள்ள இப்படி இறுக்கம் தங்கிடும்ங்கிற பாடத்துல ஒரு பகுதி இந்தியாவுலதான் கிடைச்சுது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்துல நடவடிக்கைகளைக் குறைச்சுக்கும். தோட்டாக்களைக் குதிரை லாயத்துல அடுக்கி வெச்சிடுவாங்க. மழை விட்டதும் எடுத்துப் பார்த்தா, சுடாத தோட்டாவுல கீறல்! அதுவும் குறிப்பா கூடு குண்டைக் கவ்விப் பிடிச்சிருக்கற இடத்துல. யாரும் தொடல, யாரும் சுடல.

1921-ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் இதுக்கு விளக்கம் சொன்னாங்க. தோட்டா செய்யும்போது இழுத்து நீட்டினதுல தங்கிப்போன இறுக்கம் ஒண்ணு. குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அம்மோனியா இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்தா பித்தளை தானாவே பிளக்கும். செஞ்சு முடிச்சதும் சூடுபடுத்தி இறுக்கத்தை எடுத்துட்டா பிரச்சினை தீரும். இன்னைக்கும் ரீலோடிங் பண்றவங்க கூட்டைக் கழுவறதுக்கு அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம்னு சொல்றது இதனாலதான்.

உலோகவியல்ல அந்தக் கீறலோட பேரு 'சீசன் கிராக்கிங்'. பேருல சீசன் இருக்கு. குதிரை இல்ல.