நெல்லூர் மாடு பிரேசில் போன கதை

போன ஜல்லிக்கட்டு முடிஞ்சு டீக்கடையில உட்கார்ந்திருந்தப்ப நம்ம ஆவூர் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, பிரேசில்ல கறிக்கு வளர்க்கிறதெல்லாம் நம்ம பக்கத்து மாடாமே, நெசமா?"

நெசம்தான். அங்கே அதுக்குப் பேரு நெலோர். நெல்லூர்ங்கிறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. மாடு நம்ம ஓங்கோல் மாடு. அந்தக் காலத்துல ஓங்கோல், நெல்லூர் ஜில்லாவுல, சென்னை மாகாணத்துக்குள்ள இருந்த ஊர். வெள்ளை உடம்பு, பெரிய திமில், குட்டைக் கொம்பு, தொங்கும் அலைதாடி. ஏரும் பாரவண்டியும் இழுக்க வளர்த்த மாடு.

1868-ல் இங்கிலாந்து போன கப்பல் ஒன்று பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் நின்றபோது, அதிலிருந்த ஒரு ஜோடி அங்கேயே விற்பனையாச்சு. 1878-ல் லெம்க்ரூபர் என்ற பிரேசில்காரர் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையிலிருந்து இன்னொரு ஜோடி வாங்கிப் போனார். பிறகு இந்தியாவுக்கே ஆள் வந்து வாங்கினாங்க. 1960-களின் தொடக்கத்தோட அது நின்னு போச்சு.

ஏன் நம்ம மாடு? ஸ்காட்லாந்தின் ஆங்கஸ், இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு எல்லாம் குளிர் தேசத்து மாடு. சதை நல்லா பிடிக்கும். ஆனா வெயிலும் உண்ணியும் ஆகாது. நம்ம திமில் மாடு வெயிலைத் தாங்கும், காய்ஞ்ச புல்லைத் தின்னும் பிழைக்கும். அங்கே ஏருக்கு அது வேண்டியிருக்கலை. அதனால தலைமுறை தலைமுறையா சதை பிடிக்கிற கன்றையே இனத்துக்கு நிறுத்தினாங்க. அமெரிக்காவில் ஓங்கோல், கிர், காங்கரேஜ் வகைகளைக் கலந்து பிராமன்னு ஒரு கறி இனமே உண்டாக்கி, 1924-ல் அதுக்கு சங்கமும் வச்சாங்க.

ஆக, மாட்டு இனம் தானா உருவாகிறதில்லை. நாம அதுக்கிட்ட எந்த வேலையைக் கேட்கிறோமோ, அதுவா ஆகுது.

நம்ம பக்கமும் அப்படித்தான். கொங்கு மேய்ச்சல் காட்டுல வளர்ந்த காங்கேயம் வண்டிக்கும் ஏத்தத்துக்கும். நாகப்பட்டினம் பக்கத்து உம்பளச்சேரி, உயரம் கம்மியா இருக்கிறதால சேத்து வயலுக்கு. சிவகங்கை, மதுரைப் பக்கத்து புலிக்குளம், மந்தையா மேய்ஞ்சு வயல்ல கிடை போட. எதையும் கறிக்குன்னு யாரும் உருவாக்கலை.

டிராக்டர் வந்ததும் அந்த வேலையெல்லாம் போச்சு. புலிக்குளம் காளைக்கு வாடிவாசல் மட்டும் மிச்சம். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டப்ப அதுவும் போச்சு. 2017-ல் சட்டம் திருத்தி மீட்டோம். மெரினாவுல நின்னவங்களுக்கு நன்றி.

ஆனா காளைக்கு வாடிவாசல் இருக்கு. பசுவுக்கு என்ன இருக்கு? கன்னுக்குப் போக கறக்கிறதுக்கு பெருசா பால் இருக்காது. ஏரும் இல்லை. பசுவை வித்துட்டா அடுத்த காளை எங்கேருந்து வரும்?

புலிக்குளம் பசுவுக்கு இன்னும் மிச்சமிருக்கிற ஒரே வேலை கிடைதான். அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அறுப்பு முடிஞ்சதும் கீதாரி மந்தையோட நம்ம பக்கம் வந்தா, ரெண்டு ராத்திரி உங்க வயல்ல கிடை போடச் சொல்லுங்க. கூலியைப் பேரம் பேசாதீங்க. உர மூட்டைக்குக் கொடுக்கிற காசுதானே. காளையைப் பார்த்துக் கைதட்டுறது நல்லதுதான்; அதைப் பெத்த மாட்டுக்கும் ஒரு வேலை கொடுப்போம்.