உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம்

இங்கிலாந்திலே றக்பி ஆடும் முன்னணி வீரனுக்கு இன்று ஆட்டமே தொழில். கழகம் சம்பளம் கொடுக்கிறது; தோளும் முழங்காலும் தாங்கும் வரையில் அவனுடைய வாழ்வு அதிலேயே நடக்கிறது. ஆயின் இந்நிலை 1995ஆம் ஆண்டில் வந்ததே. அதற்கு முன்னர் வங்கியிலோ காவற்படையிலோ வேலை பார்த்துக்கொண்டே நாட்டுக்காக ஆடியவர்கள் அங்கும் இருந்தனர்.

பிரித்தானியர் அவ்வாட்டத்தை இலங்கைக்கும் கொணர்ந்தனர். கொழும்பிலும் கண்டியிலும் அது நன்கு வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலோ அவ்வாறு ஊன்றவில்லை. புல்தரை வேண்டும், பதினைந்து பதினைந்து பேராக இரு அணிகள் வேண்டும். புங்குடுதீவு மடத்துவெளியிலே ஒரு சிறுவன் உயரம் பாய விரும்பினால், இரண்டு கம்பும் ஒரு குறுக்குத் தடியும் சிறிது மணலும் போதும். வடபுலம் ஆசியாவுக்கு அளித்த பெருவீரர் ஒருவர் இந்த எளிய விளையாட்டிலேயே தோன்றியதில் வியப்பொன்றும் இல்லை.

அவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934ஆம் ஆண்டு பெரியவிளானிற் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. 1956இல் மெல்பேணிலும் இலங்கைக்காகப் பாய்ந்தார்.

அக்காலத்துப் பாய்ச்சலைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். இன்றைய வீரர் முதுகைத் தடியின்மேல் வளைத்துத் தடித்த மெத்தையிலே விழுகின்றனர். இந்த முறை உலகப் புகழ் பெற்றது 1968இல். எதிர்வீரசிங்கத்தின் காலத்திலே பள்ளிக்கூடங்களில் மெத்தை ஏது? மணலிலே விழ வேண்டும். முதுகால் விழுந்தால் முதுகெலும்புக்கே கேடு. ஆதலால் தடியைக் கடந்த உடலைக் காற்றிலேயே திருப்பிக் காலாலும் கையாலும் இறங்கும் வித்தையையும் பாய்பவன் கற்றிருக்க வேண்டும். உயரத்தை மட்டும் அளந்து அக்கால வீரரை இக்கால வீரரோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

1958ஆம் ஆண்டு தோக்கியோவிலே மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன; மே 24ஆம் திகதி தொடங்கி ஜூன் 1ஆம் திகதி முடிவுற்றன. அந்த நாள்கள் இலங்கை வரலாற்றிலே வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாதவை. தமிழருக்கெதிரான வன்செயல் நாடெங்கும் பரவி, மே 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தென்னிலங்கையில் ஆயிரக்கணக்கான தமிழர் அகதி முகாம்களிலே தஞ்சம் புகுந்தனர். பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். அதே காலத்திலே, இலங்கையின் சின்னத்தை மார்பில் அணிந்த யாழ்ப்பாணத் தமிழ் இளைஞர் ஒருவர் தோக்கியோ மைதானத்தில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசியப் போட்டிகளிலே இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அவர்பொருட்டு உயர்ந்ததும் இலங்கையின் கொடியே. உள்நாட்டிலே யாருடைய நாடு இது என்ற வினா இரத்தத்தால் எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலே நிகழ்ந்த இச்செயலைப் பதக்கப் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் எழுதிச் செல்வது வரலாறாகாது.

அந்த உயரத்தின் மதிப்பையும் நோக்குவோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியிலே அமெரிக்கரான வோல்ட் டேவிஸ் ஒலிம்பிக் தங்கம் வென்றது 2.04 மீற்றரில். இடைவெளி ஒரே ஒரு சென்றிமீற்றர்!

1962இல் ஜகார்த்தாவிலே அவருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. விளையாட்டிற் பணம் பெற்றவன் ஒலிம்பிக்கில் இறங்கக் கூடாதென்பது அந்நாளைய விதி. ஆகவே பாய்ச்சல் அவருக்குச் சம்பளம் தரவில்லை, கல்வியே வாழ்வாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலே பயின்று, அதன் அணிக்காகவும் பாய்ந்தார். பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்க நாடுகளிலே ஆசிரியப் பணி புரிந்தார். யுனெஸ்கோ நிறுவனத்திலும் கடமையாற்றினார். முதுமையிலும் வட மாகாண மாணவரின் கல்வியிலும் விளையாட்டிலும் அவருடைய நாட்டம் குறையவில்லை. 2024ஆம் ஆண்டு, எண்பத்தொன்பதாவது வயதிற் காலமானார்.