காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரம்: விளம்பரமும் நற்பெயரும்

காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரம் என்பது, தொண்டைமண்டலத்தின் பழந்தலைநகராகிய காஞ்சி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் நெய்யப்படும் பட்டுச் சேலைகளை வாங்கி விற்கும் தொழிலாகும். நெசவுக் கலையின் பெருமையை எழுதியோர் பலர். அச்சேலைக்கு உண்டான கீர்த்தி எவருடைய பெயரில் நின்றது, எவ்வழியாக ஊர் கடந்து பரவியது, கைபேசியும் இணையமும் தோன்றிய பின்னர் எவருடைய கைக்கு மாறியது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. நெய்தவனுடைய உழைப்பின் புகழ் நெடுங்காலமாக விற்றவனுடைய பெயரிலேயே தங்கியிருந்தது. டிஜிட்டல் ஊடகம் நெய்தவனுக்கு ஒரு முகத்தை அளித்தது. அதனோடு கூடவே காஞ்சி என்னும் பெயரை அவ்வூரினின்றும் பிரித்தெடுத்து, எவரும் எந்தத் துணியின் மேலும் ஒட்டிக்கொள்ளத்தக்க சீட்டாகவும் ஆக்கிவிட்டது.

வாணிகத்தில் நம்பிக்கை ஒரு மூலதனம் என்பதைத் தமிழர் வெகு காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதிகளில் பறந்த கொடிகளை வருணிக்கும் பட்டினப்பாலை, அங்கிருந்த வணிகர் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாமலும் நடந்தனர் என்பதையும் சேர்த்தே கூறுகிறது. விளம்பரத்தையும் நாணயத்தையும் அந்நூல் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயலன்று என்று கருதலாம். காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூர், முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் உலகறிந்த ஊர். தேர்தல் விதிகளையே எடுத்துரைத்துப் பழகிய நாம், அவ்வூர்ச் சபையார் பொன் வாரியம் ஒன்றையும் வைத்திருந்தனர் என்பதையும், பொன்னின் மாற்றுக் காண்பதற்குரியவர்களை ஊரின் வெவ்வேறு பகுதியினரிடமிருந்து தேர்ந்து, அவர்கள் பாரபட்சமின்றி உரைத்துக் காட்டவேண்டும் என்று விதித்தனர் என்பதையும் அதிகம் பேசுவதில்லை. பொருளை விற்பவன் சொல்லும் சொல் போதாது, விற்பனையில் ஆதாயம் இல்லாத மூன்றாவது மனிதர் ஒருவர் அதன் தரத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்னும் இக்கொள்கையே, பின்னாளில் பட்டின் மேல் ஒட்டப்பட்ட முத்திரைகளுக்கும் அடிப்படையாயிற்று.

அக்காலத்து வணிகர் தம் பெயரை நிலைநிறுத்திக்கொண்ட மற்றொரு வழி தருமம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாலுசெட்டி சத்திரம் என்னும் ஊர் இருக்கிறது. வழிப்போக்கர்க்கு நிழலும் சோறும் அளித்த செட்டியாரின் பெயர், சத்திரத்தின் காலம் முடிந்த பின்னும், இன்றைக்கும் பேருந்து நடத்துநரின் வாயில் ஒலிக்கிறது; இவ்வளவு நீடித்த பலனைத் தந்த விளம்பரச் செலவு வேறொன்று உண்டோ என்பது ஐயமே. அதனை அடுத்துள்ள திருப்புட்குழி, திருமங்கையாழ்வாரால் மங்களாசாசனம் செய்யப்பெற்ற திவ்விய தேசம். ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடமென்று தலபுராணம் கூறும் இவ்வூரில், விஜயராகவப் பெருமாளும் மரகதவல்லித் தாயாரும் எழுந்தருளியிருக்கின்றனர். இராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டதும் இவ்விடத்தில்தான் என்பது குருபரம்பரை வழக்கு. மகப்பேறு வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை ஈரத்துடன் மடியில் கட்டிக்கொண்டு உறங்க, மறுநாள் அது முளைத்திருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்னும் நம்பிக்கை, தாய்மாரும் மாமியாரும் சொல்லச் சொல்லவே ஊர்தோறும் பரவிற்று. காஞ்சிச் சேலையின் புகழும் இவ்வாறே பரவியது. கோயிலுக்கு வந்தவர்கள் திரும்பும்போது கல்யாணத்துக்குப் பட்டும் எடுத்துச் சென்றனர், ஒரு வீட்டுக் கல்யாணத்தில் கண்ட சேலை அடுத்த வீட்டாரைக் காஞ்சிக்கு அனுப்பியது.

இச்சேலைக்கு நம்பிக்கை ஏன் இத்தனை அவசியமாயிற்று என்பதை அறிய அதன் அமைப்பைச் சற்றே நோக்க வேண்டும். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறொரு நிறத்திலும் அமைத்து, மூன்று நாடாக்களைக் கொண்டு, உடன் ஒரு துணையாள் இருந்து கரை நாடாவை எறிய, இரண்டையும் ஊடைதோறும் கோத்துப் பிணைக்கும் கோர்வை முறை காஞ்சிக் குழித்தறியின் தனிச் சிறப்பு. முந்தானையின் பாவை உடலின் பாவோடு இழையிழையாக இணைக்கும் பிட்னியும் அத்தகையதே. பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நல்ல ஜரிகையில், சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்கமுலாம் பூசியிருப்பார்கள். செம்புக் கம்பியாலும் பிளாஸ்டிக் இழையாலும் ஆன ஜரிகையும் கண்ணுக்கு அப்படியே மின்னும். அறிந்தவர் ஓர் இழையைச் சுரண்டி உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பர். ஒரு நூலைக் கொளுத்தி, மயிர் கருகும் வாடை வருகிறதா, சாம்பல் விரலில் பொடிகிறதா என்று சோதிப்பர். அறியாதவர் கடைக்காரரை நம்புவர். அறியாதவரே மிகுதியாதலால், வியாபாரம் முழுவதும் கடைக்காரரின் பெயரில் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அப்பெயர் காஞ்சியை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தவரான நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் தியாகராய நகரில் கடை வைத்தார். 1935-இல், பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கலான கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் தோன்றியது. வாரப் பத்திரிகைகளின் தீபாவளி மலர்கள், 1967 முதல் விவித பாரதி, 1976 முதல் தூரதர்ஷன் என்று விளம்பரத்துக்கு வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஆயினும் இக்காலத்தின் மிகச் சிறந்த விளம்பரம் எந்த நிறுவனத்தின் செலவிலும் நடந்ததன்று. கைத்தறி தேங்கி நெசவாளர் பசியில் வாடிய 1953-இல், காஞ்சியிலே நெசவாளர் குலத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, திருச்சி வீதிகளில் கைத்தறித் துணிகளைத் தாமே சுமந்து விற்றார். அவருடைய கட்சியினரும் ஊர்தோறும் அவ்வாறே விற்றனர். பொதுவாழ்வில் ஒருவர் ஈட்டிய செல்வாக்கு மற்றொருவர் நெய்த துணிக்கு ஆதரவாக நின்ற அந்நிகழ்ச்சியை, இன்று செல்வாக்காளர் விளம்பரம் என்று பேசப்படுவதற்கு முன்னோடியாகக் கொள்ளலாம். கூலி வாங்காத முன்னோடி என்பதே வேறுபாடு. இதற்கு நேர்மாறாக, காந்தி ரோட்டுக் கடைகளுக்கு யாத்திரிகரை அழைத்துவந்து, ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் பெறும் தரகரும் இதே நகரில் பெருகினர். தரகருக்குக் கமிஷன் கிடைத்தது. கடைக்குப் பெயர் கிடைத்தது. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவருக்குக் கூலி மட்டும் கிடைத்தது. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வுபெற்ற, பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்', அவ்வாறு பெயரின்றியிருந்தவரின் வீட்டுக்குள்ளே நாட்டாரை அழைத்துச் சென்றது.

பெயரைக் காக்கும் முத்திரைகள் இதற்கிடையே வந்துவிட்டன. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் தோன்றிய சில்க் மார்க், துணி கலப்பில்லாத பட்டு என்பதற்கு மாத்திரம் சாட்சி கூறும்; அது காஞ்சியில் நெய்யப்பட்டதா என்பதைக் கூறாது. 1999-இல் இயற்றப்பெற்று 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரம் பட்டு பதிவுபெற்றபோதே ஊர்ப்பெயருக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. பொய்யாக அப்பெயரைச் சூட்டி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைவாசம் விதிக்கலாம் என்று அச்சட்டம் சொல்லுகிறது. சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தைத் துணிக் கடைகளுக்குச் செல்வோர் அறிவர்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்டில். அதே ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய இபே, அடுத்த ஆண்டில், முகமறியாத விற்பனையாளரைப் பற்றி வாங்கியவரே மதிப்புரை எழுதும் முறையைக் கொணர்ந்தது. ஊர்வாய் பேசிய பேச்சு அதன்மூலம் எண்ணாகவும் நட்சத்திரமாகவும் மாறத் தொடங்கிற்று. காஞ்சி வட்டாரத்தில் முதல் இருபதாண்டுகள் இதனால் பெரிய மாறுதல் எதுவும் நேரவில்லை. பெரிய கடைகள் வலைத்தளம் அமைத்தன, சிங்கப்பூரிலும் இலண்டனிலும் வாழும் தமிழர் படம் பார்த்து வாங்கினர், அவ்வளவே. மாறுதலின் உண்மையான ஆண்டு 2016 என்று கொள்ளவேண்டும். யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறையும், ஜியோவின் மலிவான இணையமும், நவம்பரில் வந்த பணமதிப்பு நீக்கமும் அவ்வோராண்டிலேயே கூடின. வணிகர்க்கென்று தனி வாட்ஸ்அப் 2018-இல் வந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு பிறந்து, கல்யாண மண்டபங்களும் கடைகளும் மூடப்பட்டுச் சேலைகள் தேங்கியபோது, வீட்டில் இருந்த கைபேசி ஒன்றே கடையாயிற்று. அவ்வாண்டு ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட, ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் அந்த இடத்தில் வந்து அமர்ந்தது.

அன்று முதல் வளர்ந்த நேரலை விற்பனை தனியே விவரிக்கத்தக்கது. சேலைகள் அடுக்கிய அறையில், வெளிச்சம் பாய்ச்சிய வட்ட விளக்கின் முன் ஒரு பெண்மணி நின்று, சேலையை உதறிப் பிரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டி, 'அக்கா, இது சிங்கிள் பீஸ்தான், வேணும்னா உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க' என்று இடைவிடாமல் பேசுகிறார். பார்ப்பவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். கேட்ட கேள்விக்கு அங்கேயே விடை கூறுகிறார். பணம் யு.பி.ஐ. வழியே வந்தவுடன் சேலை கூரியரில் புறப்படுகிறது. பழைய ஜவுளிக் கடையின் பாயும் காபியும் விசாரிப்பும் ஏறத்தாழ அப்படியே கண்ணாடித் திரைக்குள் வந்துவிட்டன எனலாம். வராதது தொடு உணர்வு ஒன்றே. ஜரிகையைச் சுரண்டவும் நூலைக் கொளுத்தவும் திரையில் இடமில்லை. நிறமோ ஒவ்வொரு கைபேசியிலும் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறது. ஆகவே விற்பவர்கள் 'நிறம் சற்று மாறுபடலாம்', 'பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாவிடில் புகார் ஏற்கப்படாது' என்று நிபந்தனை விதிக்கின்றனர். முன்பு விற்பவரின் நாணயமே விசாரணைக்கு உள்ளாயிற்று. இப்போது வாங்குபவரும் தம் நாணயத்துக்குச் சாட்சியம் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

சரக்கையே கண்ணால் காணாமல், பிறர் அனுப்பிய படத்தைத் தம் உறவினர்க்கும் தோழியர்க்கும் அனுப்பி, விலையில் சிறிது ஏற்றி விற்கும் மறுவிற்பனையாளர்களும் ஆயிரக்கணக்கில் தோன்றினர். வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத பெண்களுக்கு இது கண்ணியமான வருமானம் அளித்தது. அதனைக் குறைகூறுவது நியாயமன்று. எனினும் படம் பல கைகள் மாறுகையில் சேலை எத்தறியில் நெய்யப்பட்டது என்னும் செய்தி நழுவிப்போக, 'காஞ்சிபுரம்' என்னும் சொல் மட்டும் படத்தோடு ஒட்டிக்கொண்டே போயிற்று. தறியில் மாதக்கணக்கில் சிந்தித்துப் போட்ட புதிய புட்டா ஒன்றின் படம் வெளியான உடனே, கணினி ஜக்கார்டு பூட்டிய விசைத்தறியில் அதே வடிவம் செயற்கை இழையில் இறங்கிவிடுகிறது. அசலைக் காட்டிலும் நகல் முன்னதாகச் சந்தையில் பெயர் பெறுவதும் உண்டு. மற்றொரு புறம், தம் தறியையும் தம் கைகளையும் படம்பிடித்துக் காட்டி, கோர்வைக்கும் சாதாரணக் கரைக்கும் உள்ள பேதத்தை வாங்குவோர்க்குக் கற்பிக்கும் நெசவாளரும் உளர். அவர்களிடம் வாங்குபவர் கேட்கும் கேள்விகளே மாறியிருக்கின்றன. விலை என்ன என்பதற்கு முன், கோர்வையா என்று கேட்கிறார்கள். டிஜிட்டல் ஊடகம் இத்தொழிலுக்குச் செய்த நன்மைகளில் இதுவே தலையாயது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

கிராமங்களிலும் இவ்விளைவு தெரிகிறது. திருப்புட்குழியின் பயற்று வேண்டுதலைப் பற்றி இன்று அறிய விரும்புவோர், மாமியாரைக் கேளாமல் யூடியூபைக் கேட்கின்றனர். வழியை வரைபடம் காட்டுகிறது. நெடுஞ்சாலையோரக் கடைக்காரரும் கியூ.ஆர். அட்டையை மாட்டியிருக்கிறார். கோயிலுக்கு வந்து அப்படியே காஞ்சிக்குச் சேலை எடுக்கச் செல்லும் குடும்பத்தார், எக்கடைக்குச் செல்வது என்பதைக் காரில் அமர்ந்தபடியே நட்சத்திர மதிப்பெண்களைப் பார்த்து முடிவுசெய்துவிடுவதால், தரகரின் தொழில் மெலிந்துகொண்டு வருகிறது. ஆனால் தரகர் மறைந்தார் என்று எண்ணிவிடலாகாது. பணம் பெற்றுக்கொண்டு சேலையைப் புகழும் காணொளிக்காரரும், கூலிக்கு நட்சத்திரம் இடுபவரும் அவருடைய வாரிசுகளே.

இவர்களை நெறிப்படுத்தவே பிற்கால விதிகள் எழுந்தன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மின்வணிக விதிகள் 2020-இல் வந்தன. பொய்யான மதிப்புரைகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை வெளியிட்டது. கூலியோ இலவசப் பொருளோ பெற்றுப் புகழ்பவர் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. புவிசார் குறியீட்டைத் தம் சரக்கில் இட விரும்பும் உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; சில்க் மார்க் சீட்டுக்கு அவ்வமைப்பில் உறுப்பினராதல் வேண்டும். பெரிய கடைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இவை எளியவை. ஒற்றைத் தறியை வைத்துக்கொண்டு, கைபேசியில் தாமே படம்பிடித்துத் தாமே விற்கும் நெசவாளருக்கோ இவ்விரண்டும் காகிதச் சுமையாகவே இருக்கின்றன. ஆதலால், அசலான கோர்வைச் சேலையை நெய்த அவர் சீட்டில்லாமலும், வெளியூர் விசைத்தறித் துணியை விற்பவர் ஏதோ ஒரு பளபளப்பான சீட்டுடனும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் நிலை இன்னும் நீடிக்கிறது.