பெயருள்ள முகப்பும் பெயரில்லாச் சுவடியும்

அண்மையில் நண்பரொருவர், இணையத்தில் விற்பனைக்கு வந்த எச்.எம்.டி. சோனா கைக்கடிகாரத்தின் படத்தை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். அவருடைய தந்தை பல்லாண்டுகள் கட்டியிருந்து தொலைத்த வகை அது. படத்தில் இருந்த கடிகாரமோ நேற்றுச் செய்தது போல் பளபளத்தது. என் ஐயத்திற்கு அந்தப் பளபளப்பே காரணம்.

எச்.எம்.டி. நிறுவனம் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகார ஆலையை அமைத்தது. அந்த உறவின் தடயம் முகப்பின் எழுத்திலேயே உண்டு. ஜனதா முதலிய கடிகாரங்களில் காணப்படும் ‘பாராஷாக்’ என்ற சொல், அதிர்வு தாங்கும் அமைப்புக்குச் சிட்டிசன் வைத்த பெயர். மொழியியலில் கடன்சொல் ஒன்று பழைய தொடர்பைக் காட்டிக்கொடுப்பது போன்றதே இதுவும்.

ஆனால் முகப்பு எளிதில் மாற்றத்தக்கது. பழைய எழுத்தைச் சுரண்டி, புதுவண்ணம் பூசி, மீண்டும் பெயரை அச்சிட்டு விற்பது பெருவழக்கு. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்பர். இவற்றில் பெயர் இருக்கும், வரலாறு இராது.

பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குச் சான்று கழக்கூட்டத்திலேயே உள்ளது. இங்குள்ள காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. அதன் முன்னோடியான திருவிதாங்கூர் அரசின் வெளியீட்டுத் துறையில் பணியாற்றிய த. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த வடமொழி நாடகச் சுவடிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் ஆசிரியர் பெயர் இல்லை. தொடக்க அமைப்பு, நடை, பிற நூல்களின் குறிப்புகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, அவை பாசன் இயற்றியவை என வாதிட்டு, 1912 முதல் 13 நாடகங்களை அச்சேற்றினார். அம்முடிவை மறுத்தோரும் உளர். எனினும் விவாதம் முழுவதும் அகச்சான்றுகளின் மீதே நடந்தது.

கடிகாரத்திற்கும் அதுவே முறை. பணம் கொடுக்குமுன் பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தைக் கேட்க வேண்டும். பொறியின் மீதுள்ள நிறுவனப் பெயரும் ஜுவல் எண்ணிக்கையும் முகப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். எழுத்தின் விளிம்பையும் நிமிடக் கோடுகளின் இடைவெளியையும் லென்ஸ் வைத்து நோக்க வேண்டும். மறுபூச்சில் எழுத்து தடித்திருக்கும், கோடுகள் மணிக்குறிகளைவிட்டு விலகியிருக்கும். முட்களும் சாவித் திருகும் அந்த வகைக்குரியவையா எனப் பழைய விளம்பரங்களோடு ஒப்பிட வேண்டும். ‘சோனா’ என்றால் இந்தியில் தங்கம். கடிகாரத்தில் இருப்பது பொதுவாக முலாமே. வார் கோக்கும் முனைகளில் அது தேய்ந்திருப்பது இயல்பு. அங்கும் புதிதாக மின்னினால் ஐயுறலாம்.

எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது.  சுரண்டப்படும் ஒவ்வொன்றும் எரிக்கப்பட்ட ஓர் ஏடு. புதுப்பூச்சை விரும்பி வாங்குவோர் இருக்கும்வரை சுரண்டுவதும் நிற்காது.

நண்பர் பின்மூடிப் படம் கேட்டார். விற்பவரிடமிருந்து பதில் வரவில்லை. இப்போது அவர் முகப்பு மஞ்சளித்த ஒரு சோனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.