இரண்டே இரண்டு வெள்ளி - ஒலிம்பிக்கில் இலங்கை

கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்ற நாடு இது. ஒலிம்பிக்கில் எத்தனை பதக்கம் என்று கேட்டுப் பாருங்கள், பலர் யோசிப்பார்கள். 1948 லண்டனிலிருந்து 2024 பாரிஸ் வரை, 76 வருடங்களில் இரண்டே இரண்டு. இரண்டும் வெள்ளி. வணிகம் படிக்கிறவன் என்பதால் எனக்கு இதையும் வரவு செலவாகப் பார்க்கத்தான் தோன்றுகிறது. வரவு இவ்வளவுதான். செலவு யாருடையது?

முதலில் டங்கன் வைட். 1948 பெப்ரவரியில் சுதந்திரம் கிடைத்தது. ஆறு மாதம் கூட ஆகவில்லை, ஜூலையில் லண்டன் ஒலிம்பிக். இலங்கை கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக்கே அதுதான். 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் 51.8 செக்கனில் ஓடி, அமெரிக்காவின் ரோய் கொக்ரனுக்கு அடுத்ததாக வந்தார் வைட். முதல் முயற்சியிலேயே பதக்கம்! இப்படித் தொடங்கிய நாடு எங்கேயோ போயிருக்க வேண்டும் இல்லையா? அடுத்த பதக்கத்துக்கு 52 வருடம் காத்திருந்தது.

இடையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. யாழ் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்குகளில் உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த விழா நடந்தது மே கடைசியில். அதே நாட்களில்தான் இங்கே 1958 கலவரம். ஒரு தமிழ் இளைஞன் இலங்கையின் பெயரில் தங்கம் வாங்கிக்கொண்டிருக்கிறான், ஊரில் தமிழர்களின் வீடுகள் எரிகின்றன. விளையாட்டு வரலாற்றில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறவர்கள் குறைவு.

அடுத்தது சுசந்திகா ஜயசிங்க. கேகாலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1997இல் ஏதென்ஸ் உலகத் தடகளப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி. 1998இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார் என்றார்கள். விசாரணை முடிவில் விடுவிக்கப்பட்டார், ஆனால் பேச்சு மட்டும் ஓயவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றர் இறுதிப் போட்டியில் 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சனுக்கும் இவருக்கும் இடையே ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். முதலில் வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ்.

2007இல் ஜோன்ஸ் தான் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் பறிபோயின. 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. சந்தேகப்பட்டது இவரை, ஏமாற்றியது அவர். அந்த வெள்ளி வந்துசேர ஒன்பது வருடம். அதோடு முடிந்ததா? 2017இல் தனக்குக் கிடைத்துவந்த மாத உதவித்தொகை நிறுத்தப்பட்டதாகச் சொல்லி, ஒலிம்பிக் பதக்கத்தையே விற்கப் போவதாக அறிவித்தார். நாட்டில் இருப்பதே இரண்டு. அதில் ஒன்று ஏலத்துக்கு!

இன்னும் இரண்டு பெயர்கள். இறுதிக்கட்டப் போரில் கையில் காயமடைந்த இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத், 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து, உலக சாதனையோடு இலங்கையின் முதல் பராலிம்பிக் தங்கத்தை வென்றார். இத்தாலியில் தங்கிப் பயிற்சி பெற்ற யுபுன் அபேகோன் 2022இல் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடினார். தெற்காசியாவில் 10 செக்கனுக்குள் ஓடிய முதல் ஆள் அவர்தான்.

இவர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. நம்மிடம் திறமைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஒருவர் சாதித்த பிறகு அடுத்தவரை உருவாக்கும் ஏற்பாடுதான் இல்லை. அதனால்தான் ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

ஒரு வருமானத்தை யாருடைய கணக்கேடுகளில் எந்தக் காலத்துக்குப் பதிகிறோமோ, அதை ஈட்டிய செலவையும் அவருடைய ஏடுகளில் அதே காலத்துக்குத்தான் பதிய வேண்டும் என்று முதலாம் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். நாம் பதக்கத்தை நாட்டின் கணக்கில் பதிந்தோம். அதற்கான செலவை ஓடியவரின் கணக்கிலும் பாய்ந்தவரின் கணக்கிலும் பதிந்தோம். அப்படி எழுதிய கணக்கை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார்.

அடுத்த ஒலிம்பிக் 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸில். அன்று பதக்கம் வந்தால் எல்லோரும் கை தட்டுவோம், அதில் சந்தேகமே இல்லை. அதற்காக இப்போது எங்கோ ஒரு பாடசாலை மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்று நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.