குளியாளின் மூச்சும் முத்தின் விலையும்

தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அங்கேதான். கயிற்றில் கட்டிய கல்மேல் கால் ஊன்றிக் குளியாள் இறங்குவான். ஆழம் பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழ 18 மீட்டர். அங்கே அழுத்தம் 2.8 வளிமண்டலம். பாயில் விதிப்படி, நெஞ்சில் அடக்கிய காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்! அந்நிலையில் சிப்பிகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பான்; படகிலுள்ள துணையாள் மேலே இழுப்பான்.

இந்த மூச்சுக்கு விலை பேசியவர் பலர். 1530களில் பரதவர் கிறித்தவம் தழுவிப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைப் பெற்றதில் முத்துக்குளிப்பு உரிமைப் பூசலுக்கும் பங்குண்டு. 1658-இல் டச்சுக்காரர் வந்தனர், பின்னர் ஆங்கிலேயர். அவர்கள் காலத்தில் சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கே குளியாட்களுக்கு. அரசின் பங்கைத் திறக்காமலே ஏலம் விடுவர். வாங்கியவனுக்கு அது சூதாட்டம்தான்; ஆயினும் அவன் இழக்கக்கூடியது பணம் மட்டுமே.

சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. எதிர்க்கரையான இலங்கையில் 1905-இல் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே ஓர் ஆங்கிலேயக் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின, கம்பெனியும் மூடப்பட்டது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அங்கேயே, சிப்பிக்குள் உட்கருவைப் பொருத்தி முத்தை வளர்த்துக் காட்டினர். அதற்கான தாய்ச் சிப்பிகளும் பார்களில் மூழ்கி எடுத்தவையே.