டியூப் லைட் பழுது

சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட பழைய 4 அடி டியூப் லைட் எரியாமல் போனால் பெரும்பாலோர் முதலில் குழலையே மாற்றுகிறார்கள். பல வேளை அது வீண்செலவு. இரு முனைகள் மட்டும் செந்நிறமாகக் கனன்று நடுப்பகுதி இருண்டே கிடந்தால் கோளாறு ஸ்டார்ட்டரில்தான்: உள்ளிருக்கும் ஈருலோகத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது மின்தேக்கி பழுதாகியிருக்கும். ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தால் சந்தேகமே வேண்டாம். எரியத் தொடங்கிய குழலுக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை.

முனைகள் கறுத்து, விட்டுவிட்டு மினுக்கினால் குழலின் ஆயுள் தீர்ந்தது. மாலையில் மட்டும் அடம்பிடித்தால் குறை மின்னழுத்தம் காரணமாகலாம். சோக்கில் கருகல் வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். குழலுக்குள் பாதரசம் உண்டு. உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும், சில்லுகளைக் கையால் அள்ளக் கூடாது.